தழும்பின் அளவு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மணிக்கட்டிலுள்ள குறுகிய பாதையில் நரம்பு அழுந்துவதால் வரும் கார்பல் டனல் பாதிப்புக்கான நுண்துளை அறுவை சிகிச்சை குறித்து வரும் விளம்பரங்கள் தழும்பின் அளவை மட்டுமே பேசுவதால், நோயாளி அறிய வேண்டிய பிற விவரங்கள் மறைந்துபோகின்றன.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்காக அமைந்த உறுதியான பட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய பாதையில், விரல்களை மடக்கும் 9 தசைநாண்களுடன் மீடியன் நரம்பும் செல்கிறது. அங்கே நெருக்கம் கூடும்போது நரம்பு அழுந்தி, கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதி வரை மரத்துப்போகிறது. இரவில் தொல்லை அதிகம். திறந்த அறுவையில் உள்ளங்கையைச் சில சென்டிமீட்டர் கீறியும், நுண்துளை வழியே கேமராக் குழாயைச் செலுத்திச் செய்யும் எண்டோஸ்கோப் முறையில் சுமார் 1 சென்டிமீட்டர் அளவில் ஓரிரு கீறல்கள் இட்டும் வெட்டிவிடப்படுவது அதே பட்டைதான். எண்டோஸ்கோப் முறையில் பலரும் சற்று விரைவாக வேலைக்குத் திரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் சில மாதங்கள் கழிந்தபின் இரண்டு முறைகளின் பலனிலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. தற்காலிக நரம்பு உறுத்தல் எண்டோஸ்கோப் முறையில் சற்றே அதிகம். உட்புறம் தெளிவாகத் தெரியாவிட்டால் மருத்துவர் நடுவிலேயே திறந்த முறைக்கு மாற நேரிடும் என்பதையும் (இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை) ஒப்புதல் பெறும்போதே விளக்க வேண்டும்.

தொடக்க நிலையில் இரவில் மணிக்கட்டை அசையாமல் வைக்க அணியும் உறையும் ஸ்டீராய்டு ஊசியுமே பலருக்கு நிவாரணம் தருகின்றன. அதே சமயம், கட்டைவிரலின் அடித்தசை மெலியத் தொடங்கியவர்கள் காத்திருப்பது தவறு. இழந்த தசை அறுவைக்குப் பிறகும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்