வாரம் இரண்டு நாள் நிர்வாகி: சம்பளத்தோடு அதிகாரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழுநேரச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத அனுபவசாலிகளை, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கணக்கில் அமர்த்திக்கொள்ளும் பழக்கம் சிறு நிறுவனங்களிடையே பரவி வருகிறது. நிதி, உற்பத்தி, மார்க்கெட்டிங் என எந்தத் துறைக்கும் பகுதிநேரத் தலைவர் கிடைக்கிறார். இதைப் பற்றிய கட்டுரைகள் செலவு மிச்சமாவதைத்தான் விரிவாகச் சொல்கின்றன. ஏற்பாடு ஏன் பாதியிலேயே முறிகிறது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. வந்த ஆள் திறமையற்றவர் என்பது அபூர்வமாகவே காரணமாக இருக்கும். முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். கோளாறு அங்கே தொடங்குகிறது.

ஆலோசகர் என்பவர் ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இடைக்கால நிர்வாகி சில மாதங்கள் முழுநேரமாக வந்து காலியான பதவியை நிரப்புவார். பகுதிநேர நிர்வாகி வருவது சில நாட்களே என்றாலும் அந்தத் துறையின் பொறுப்பு அவருடையது. அவர் சொன்னால் வேலை நடக்க வேண்டும். பல இடங்களில் மூன்றாமவருக்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு முதலாமவரைப் போல நடத்துகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அலமாரியில் அழகான அறிக்கை ஒன்று இருக்கும்.

முதலில், இப்படி ஒருவர் தேவைதானா என்று பார்க்க வேண்டும். கணக்கு இரண்டு மாதம் பின்தங்கிக் கிடந்தால் வேண்டியது நல்ல கணக்கர். பில்களைப் பதிவதற்கும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு டிக் அடிப்பதற்கும் நிதித் தலைவருக்கு நாள் கட்டணம் கொடுப்பது வீண் செலவு. வேறொரு நிறுவனத்தைப் பார்ப்போம். அங்கே மாதக் கணக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் விற்பனை ஏறும் அளவுக்கு வங்கி இருப்பு ஏறவில்லை. சம்பள நாள் நெருங்கும்போதெல்லாம் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன்) வரம்பை முட்டுகிறது. எந்த வாடிக்கையாளரிடம் லாபம், எவரிடம் கைக்காசு கரைகிறது என்று கேட்டால் உள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த நிலையில்தான் மேல்மட்ட அனுபவத்துக்கு வேலை இருக்கிறது.

எந்தத் துறைக்கு முதலில் ஆள் எடுப்பது? வளர்ச்சி என்றாலே விற்பனை என்று எண்ணி, மார்க்கெட்டிங் தலைவரைத்தான் பெரும்பாலோர் முதலில் தேடுகிறார்கள். எங்கள் கருத்தில் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இது தலைகீழ் வரிசை. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். 100க்கு விற்கும் பொருளின் அடக்க விலை 75, அதைக் கழித்தால் வரும் மொத்த லாபம் 25 என்று கொள்வோம். விற்பனையைத் தூக்கிவிட 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, லாபம் 15. முன்பு 100 உருப்படி விற்று எடுத்த லாபத்தை எடுக்க இப்போது சுமார் 167 உருப்படி விற்க வேண்டும். அதாவது விற்பனை மூன்றில் இரண்டு பங்கு கூடினால்தான் பழைய இடத்துக்கே வந்து சேரலாம். அதே பொருளின் விலையை 5 சதவீதம் ஏற்றினால் லாபம் 30. ஆறில் ஒரு பங்கு விற்பனை போனாலும் மொத்த லாபம் குறையாது. இந்த இரண்டு எண்களும் தெரியாமல் விளம்பரத்துக்கு ஆள் வைத்தால், நட்டத்தில் விற்கும் பொருள் வேகமாக விற்கும்.

கைப்பணத்தின் கதை இதைவிடக் கடுமையானது. சரக்கு 60 நாள் கிடங்கில் இருக்கிறது, விற்ற பணம் வர 75 நாள் ஆகிறது, சரக்கு கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும் என்றால், இடையில் 105 நாளுக்கான பணத்தை நிறுவனமே போட்டுவைக்க வேண்டும். ஒரு நாள் செலவு 100 என்றால் 10,500 எப்போதும் முடங்கிக் கிடக்கும். விற்பனை 30 சதவீதம் கூடினால் இது 13,650 ஆகும். கூடுதலான 3,150 லாபமாகத் திரும்பி வருவதற்கு முன்பே வெளியே போய்விடும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த நிறுவனங்கள் ஆர்டர் கையில் இருக்கும்போதே திணறுவது இதனால்தான். எனவே நிதி முதலில், அடுத்து உற்பத்தி அல்லது செயல்பாடு, பிறகே மார்க்கெட்டிங். சரக்கு தேங்காத, பணம் முன்கூட்டியே வந்துவிடும் தொழில்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறலாம்.

ஆளைத் தேடும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. என்ன பிரச்சினை, இன்றைய எண் என்ன, ஆறு மாதத்தில் எந்த எண் வேண்டும்? 'நிறுவனம் வளர வேண்டும்' என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். 'வசூலாகும் காலம் 75 நாளிலிருந்து 50 நாளுக்குக் குறைய வேண்டும்' என்று எழுதினால், வருகிறவருக்கும் தெளிவு, மதிப்பிடுகிறவருக்கும் தெளிவு.

அதே தாளின் மறுபக்கத்தில் அதிகாரத்தை எழுத வேண்டும். அவர் தனியாக முடிவெடுக்கக்கூடியவை, முதலாளியைக் கலந்து எடுக்க வேண்டியவை, முதலாளிக்கு மட்டுமே உரியவை என மூன்று பத்திகள் போதும். புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதும், 60 நாள் தாண்டிய பாக்கிக்காரருக்குச் சரக்கை நிறுத்துவதும் முதல் பத்தியில் வரலாம். விலைப்பட்டியலை மாற்றுவதும் ஆள் எடுப்பதும் இரண்டாவதில். கடன் வாங்குவது, சொத்து விற்பது, பங்கு கொடுப்பது மூன்றாவதில். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, பார்க்கவும் பணம் செலுத்தும் பட்டியலைத் தயாரிக்கவும் அவருக்கு அனுமதி இருக்கட்டும். ஒப்புதல் முதலாளியிடமே இருக்க வேண்டும். தயாரிப்பதும் ஒப்புதல் தருவதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது எந்த நிதிப் பொறுப்புக்கும் பொருந்தும் விதி. இதை நம்பிக்கையின்மை என்று எடுத்துக்கொண்டு கோபிக்கிறவரைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

அந்தத் தாளை ஊழியர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் என்ன நடக்கும்? பாக்கிக்காரருக்குச் சரக்கு நிறுத்தப்படுகிறது. அவர் நேராக முதலாளிக்குப் போன் செய்து பழைய பழக்கத்தைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறார். 'சரி, இந்த ஒரு தடவை அனுப்பிவிடுங்கள்' என்று முதலாளி கிடங்குக்குச் சொல்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் விற்பனைப் பிரிவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அதன் பிறகு புதியவர் போடும் எந்த உத்தரவுக்கும் மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்பதே ஊழியர்களின் பதிலாக இருக்கும். முதலாளி உத்தரவை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றுவதாக இருந்தால் முதலில் நிர்வாகியிடம் பேசி, அவர் வாயாலேயே மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். அவருக்கு அந்த இடத்தில் மதிப்பு நிற்பது இதனால்தான்.

அடுத்தது அவர் இல்லாத நாட்கள். வாரம் இரண்டு நாள் என்றால் மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது நாள். மீதி நாட்களில் சொன்னதைச் செய்து முடிக்க உள்ளே ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அது கணக்கராக இருக்கலாம், கிடங்குப் பொறுப்பாளராக இருக்கலாம். இவர் இல்லாவிட்டால் நிர்வாகி வரும் நாட்களில் பாதி, போன வாரம் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கேட்பதிலேயே கழியும். இரண்டு நாளில் ஒன்று மாறாத கிழமையாக இருக்கட்டும். ஊழியர்கள் கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் கட்டணம் பேச வேண்டாம். மீட்டர் ஓடுகிறது என்ற பயத்தில், கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். மாதக் கட்டணமாகப் பேசி, அவசரத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய நிறுவனப் பெயர்களில் மயங்கிவிடக் கூடாது. அங்கே தலைவராக இருந்தவருக்கு எண்களைத் தயாரித்துக் கொடுக்க ஒரு படையே இருந்திருக்கும். இங்கே எக்செல் தாளை அவரே திறந்து நிரப்ப வேண்டும். 'இந்த அறிக்கையை யார் தயாரித்தார்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், நிறையத் தெரிந்துவிடும். இப்போது எத்தனை நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார் என்பதும் முக்கியம். தலா இரண்டு நாள் வீதம் மூன்று நிறுவனங்கள் இருந்தாலே வாரத்தில் ஆறு நாள் போய்விட்டது. நான்காவதாகச் சேர்கிறவருக்கு என்ன மிஞ்சும்? அவர்களில் உங்கள் போட்டியாளரும் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்கலாம். முன்பு அமர்த்தியவர்களிடம் விசாரிக்கும்போது 'நல்லவரா?' என்று கேட்பதில் பயனில்லை. அவர் ஏற்படுத்தியதில் எது இன்னும் நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வேலையைக் கட்டணம் கொடுத்தே செய்யச் சொல்லலாம். மூன்று மாத வங்கி அறிக்கை, பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்புப் பட்டியல், இவற்றைக் கொடுத்து முதலில் எதைத் தொடுவீர்கள் என்று கேட்டால் போதும். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் சிலர் ஆரம்ப ஆய்வை மாதக்கணக்கில் நீட்டிக்க விரும்புவார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். சிறு நிறுவனத்தை ஓரளவு புரிந்துகொள்ள அவ்வளவு காலம் ஆகாது.

ஊக்கத்தொகை கொடுப்பதானால் விற்பனைத் தொகையின் சதவீதமாகக் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன தள்ளுபடிக் கணக்கு அவருக்கும் தெரியும். விலையைக் குறைத்து விற்பனையைக் காட்டிவிடலாம். கைக்கு வந்து சேர்ந்த பணத்தில் கிடைத்த மொத்த லாபத்தோடு அதை இணைக்க வேண்டும். பங்கு கேட்டால் முதல் வருடம் பேச்சே வேண்டாம். பிறகு கொடுத்தாலும் இருக்கும் காலத்துக்கேற்ப வருடவாரியாகச் சேரும்படி இருக்கட்டும். அவர் ஊழியர் அல்ல என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், நேரமும் வேலை முறையும் முழுக்க முதலாளியின் கட்டுப்பாட்டில் இருந்தால் அவரை ஊழியராகவே கருதும் சட்டம் பல நாடுகளில் உண்டு. அந்த வாசகத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

நிதித் தலைவர் வந்ததும் முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: வரப்போகும் 13 வாரத்துக்கான பண வரவு செலவுத் தாள். ஒரு காலாண்டு முழுவதையும் பார்க்க அது போதும். அதைத் தாண்டினால் ஊகம்தான். வாரம் ஒரு பத்தி. மேலே தொடக்க இருப்பு, கீழே வாடிக்கையாளர் பெயர் பெயராக வரவு, பிறகு சம்பளம், வாடகை, கொள்முதல், கடன் தவணை, வரி, கடைசியில் வார இறுதி இருப்பு. இதில் எல்லோரும் தவறும் இடம் வரவு வரிசை. பில்லில் உள்ள கெடு தேதியைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். 30 நாள் கெடு உள்ள வாடிக்கையாளர் போன ஆறு பில்களையும் 55 நாளில் கட்டியிருந்தால், தாளில் 55 என்றுதான் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுத் தவணையும் வரிக் கெடுவும் இதேபோல் விட்டுப்போகும். ஒவ்வொரு வாரமும் நடந்ததை எதிர்பார்த்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்துக்கு ஒரு வரிக் காரணம் எழுதி, கடைசியில் புதிதாக ஒரு வாரம் சேர்க்க வேண்டும். நான்கைந்து வாரம் இப்படி ஓடினால், பணம் எந்த வாரத்தில் இறுக்கும் என்பது முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும்.

அதன் பிறகு வாடிக்கையாளர் வாரியாக லாபம். அடக்கத்தோடு நிறுத்தாமல் போக்குவரத்து, திரும்பி வந்த சரக்கு, தாமதமாகக் கட்டியதால் ஏறிய வட்டி ஆகியவற்றையும் கழிக்க வேண்டும். விற்பனையில் முதலிடத்தில் இருப்பவர் இந்தப் பட்டியலில் கீழே போய்விடுவது உண்டு. மூன்றாவது மாதம் விலையிலோ கடன் விதியிலோ ஏதாவது ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 90ஆம் நாள், ஆளைத் தேடும் முன் இலக்கை எழுதிய அந்தத் தாளை எடுத்து எண்களைச் சரிபார்த்துத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு நாள் போதாமல் மூன்று, நான்கு என்று மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், முழுநேர ஆளுக்கு ஆகும் செலவை ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது புதியவரைத் தேர்ந்தெடுப்பதையும் பழக்குவதையும் இவரிடமே ஒப்படைக்கலாம். எதுவானாலும் 30 நாள் முன்னறிவிப்போடு இரு தரப்பும் விலகலாம் என்ற விதி இருக்கட்டும். தாள்களும் கடவுச்சொற்களும் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் கணக்கில் இருக்க வேண்டும்; அவருடைய சொந்த மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அவர் போகும்போது வேலையும் கூடவே போய்விடும். 13 வாரத் தாளை உள்ளே இருப்பவர் அவர் உதவியின்றித் தொடர்ந்து நான்கு வாரம் நிரப்பிக் காட்டிய பிறகே கடைசி மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி கொடுக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களுக்கு நிதி ஆலோசனை வழங்கிவரும் வாசகர்கள்