குமரி மாவட்டச் சுவர்களுக்கு நம் கையாலேயே அலங்காரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு அலங்காரம் குறித்து நாளிதழ்களின் மகளிர் பக்கங்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் வெளிவரும் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை கடையில் எதை வாங்கி எந்தச் சுவரில் மாட்டலாம் என்பதோடு நின்றுவிடுகின்றன. கையால் செய்யும் முறையைச் சொல்லும் சில குறிப்புகளும், ஆண்டில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெற்று, கடற்காற்றின் உப்பையும் தாங்கி நிற்கும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. இம்மாவட்டத்திற்கு உகந்த, செலவு மிகக் குறைந்த, வீட்டிலிருப்போர் தாமே செய்துகொள்ளத்தக்க சுவர் அலங்காரங்களின் செய்முறையைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடன் வாங்கி வீடு கட்டிப் பால்காய்ப்பு முடித்த குடும்பங்கள், வெறுமையாக நிற்கும் முன்னறைச் சுவரைப் பார்த்து, கையில் மிஞ்சிய பணத்தில் அச்சிட்ட படங்களையும் பிளாஸ்டிக் பூங்கொத்துகளையும் வாங்கி மாட்டுவதை எங்கள் பகுதியில் எங்கும் காணலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஒட்டப்பட்ட படங்கள் ஈரம் ஏறியதும் ஓரம் உப்பி, ஒட்டிய தாள் பிரிந்து, சில மழைக்காலங்களுக்குள்ளேயே குப்பைக்குப் போய்விடுகின்றன. பணம் வீணாவதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. கோலம் போடவும், பூத் தொடுக்கவும், ஓலை முடையவும் தெரிந்த கைகள் உள்ள வீட்டில், அந்தக் கைகளின் வேலை ஒன்றுகூடச் சுவரில் இல்லை. ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் அவ்வீட்டாரே செய்த பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குருத்தோலை ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுவரும் ஓலையைச் சிலுவையாக மடித்துச் சுவரில் செருகி வைக்கும் வழக்கம் இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் இருப்பதால், இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று.

செலவே இல்லாமல் தொடங்குவதற்கு ஏற்றது இலை நரம்பு அலங்காரம். அரச இலை இதற்கு மிகச் சிறந்தது. மேற்குப் பகுதியில் ரப்பர் தோட்டம் உள்ளவர்கள் ரப்பர் இலையையும் பயன்படுத்தலாம். கொழுந்தாகவோ பழுப்பாகவோ இல்லாமல், முற்றிய, பூச்சி அரிக்காத இலைகளைப் பறித்து, ஒரு வாளி நீரில் அமிழ்ந்து கிடக்கும்படி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இலையின் சதை அழுகி நெகிழ்ந்துவிடும். வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் நாற்றம் குறையும். இதில் மிகவும் கவனிக்க வேண்டியது, வாளியின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைப்பதாகும். தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிட்டுப் பெருகும் என்பதால், அழகுக்காகச் செய்யும் வேலை நோய்க்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. சதை நெகிழ்ந்த இலையை ஒரு தட்டையான பலகையில் விரித்து, பழைய மென்மையான பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தட்டித் தேய்த்து, ஓடும் நீரில் அலசினால், வலை போன்ற நரம்புகள் மட்டும் நிற்கும். அதைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி உலர்த்த வேண்டும்.

காத்திருக்க இயலாதவர்கள் நீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து, அதில் இலைகளை ஓரிரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்க வைக்கலாம். இதற்கு எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடாக் கரைசல் அரித்துவிடும். கையுறை அணிந்து, பெரியவர்கள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். உலர்ந்த இலைகள் மூன்றையோ ஐந்தையோ கறுப்பு அட்டையின் மீது அடுக்கி, காம்புப் பகுதியில் மட்டும் துளிப் பசை வைத்து ஒட்டினால் போதும். இலை முழுவதும் பசை தடவினால் நரம்புகளின் இடைவெளிகள் அடைபட்டு அதன் நேர்த்தியே கெட்டுவிடும். வண்ணம் தீட்ட விரும்புவோர் தீட்டலாம். தீட்டாத இலையே அழகு என்று நான் கருதுகிறேன்.

தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், ரேந்தை என்னும் லேஸ் பின்னலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். ஏழைப் பெண்களுக்குத் தம் கையால் சம்பாதிக்கும் வழியைத் திறந்துவிட்ட அந்தத் தொழில், பல தலைமுறைகளாக இம்மாவட்டத்தில் ஊரூராகப் பரவி நின்றது. இன்றும் பல வீடுகளின் அலமாரிகளில் பாட்டியோ அத்தையோ பின்னிய மேசை விரிப்புகளும், தலையணை உறை ஓரங்களும், பாதியில் நின்றுபோன துண்டுகளும் மஞ்சள் பாரித்துக் கிடக்கின்றன. கிழிந்த விரிப்பு மேசைக்கு உதவாது என்று தூக்கி எறிகிறார்கள். அதில் கிழியாத ஒரு சாண் துண்டு இருந்தாலே சுவருக்கு அது போதும்.

அந்தத் துண்டை மென்மையான சோப்பு கரைத்த நீரில் ஊறவைத்து, கசக்காமலும் பிழியாமலும் அலசி, ஒரு துவாலையின் மீது விரித்து, அதன் வடிவம் சரியாக அமையும்படி துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஓரம் முழுவதும் குத்தி நிழலில் உலர்த்த வேண்டும். அட்டை ஒன்றின் மீது கருநீலம் அல்லது கறுப்பு நிறப் பருத்தித் துணியை இழுத்துப் பின்புறம் மடித்துத் தைத்துக்கொண்டு, அதன்மேல் ரேந்தையை வைத்து, ரேந்தையின் நூல் நிறத்திலேயே மெல்லிய நூலால் ஆங்காங்கே தையல் போட்டுப் பொருத்த வேண்டும். பசை வைத்து ஒட்டவே கூடாது. நாளடைவில் பசை மஞ்சளித்துக் கறையாகும். பிறகு அதைப் பிரித்துத் துவைக்கவும் முடியாது. துணியின் நிறம் சாயம் விடாததா என்பதை முன்னதாகவே நனைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னியவரின் பெயரையும் ஊரையும் தெரிந்த அளவுக்கு அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்தால், பேரப்பிள்ளைகளுக்கு அது குடும்ப வரலாறாகவும் நிற்கும். ரேந்தை இல்லாத வீடுகளில் கிழிந்த சேலையின் கரை, நேரியல் என்னும் மேலாடையின் கசவு (சரிகை) ஓரம் ஆகியவற்றை இதே முறையில் பொருத்தலாம்.

ஓலைப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் வாங்கும் சுளகு, ஓலை விசிறி, சிறு பெட்டி மூடி ஆகியவற்றைப் பல அளவுகளில் ஒரே சுவரில் குழுவாக மாட்டினாலே நிறைவாக இருக்கும். முடைந்தவருக்கும் வருமானம் கிடைக்கும். தாமே பனையோலை கொண்டு செய்வோர், ஓலையை மஞ்சள் சேர்த்த நீரில் கொதிக்க வைத்து நிழலில் உலர்த்திய பின் பயன்படுத்தினால் பூச்சி எளிதில் அண்டாது. ஏட்டுச்சுவடிக்கு ஓலை பதப்படுத்திய நம் முன்னோர் கைக்கொண்ட முறை இது. தோவாளை மாணிக்கமாலையில் அரளிப்பூக்களை மடித்து வைத்து உருவாக்கும் அழகிய கட்டங்களைப் பார்த்திருப்பவர்கள், அந்த அமைப்பையே சிவப்பும் வெள்ளையுமான ஓலைக் கீற்றுகளாலோ தாள் கீற்றுகளாலோ பின்னிப் பார்க்கலாம்.

வண்ணங்களைப் பொறுத்தவரை, நமக்கு வழிகாட்டி அருகிலேயே இருக்கிறது. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்கள் எந்த மரபைச் சேர்ந்தவையோ, அந்த மரபின் ஓவியர்கள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண்ணையும், கறுப்புக்கு விளக்குக் கரியையும், பிணைப்புக்கு வேப்பம் பிசினையும் பயன்படுத்தினர். மண்ணிலிருந்து கிடைக்கும் நிறங்கள் வெயிலுக்கு எளிதில் மங்குவதில்லை; மஞ்சள்பொடி தரும் நிறமோ வெயில் பட்டால் விரைவில் வெளுத்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காவிக்கல்லை உரைத்து, ஊறவைத்து வடித்த வேப்பம் பிசின் நீரில் குழைத்து, தடித்த பருத்தித் துணியில் ஒரு புள்ளிக் கோலத்தைத் தீட்டிப் பார்த்தால், விலை கொடுத்து வாங்கும் எந்தப் படத்திற்கும் அது குறைந்ததாக இராது. ஈரம் ஊறும் சுவரில் நேரடியாகத் தீட்டுவது மட்டும் வேண்டாம். உள்ளிருந்து வரும் உப்பு பூத்துச் சாயத்தை உரித்துவிடும்.

மாட்டும் முறையில்தான் எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலானோர் தவறிவிடுகின்றனர். சட்டத்தின் பின்புறம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், காற்று புகாமல் அங்கே பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கமாகத் தக்கைத் துண்டுகளையோ பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டுகளையோ ஒட்டினால், சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று நடமாடும். கடற்கரை ஊர்களில் இரும்பாணி துருப்பிடித்துச் சுவரில் செங்கறை வழியவிடும் என்பதால் பித்தளை அல்லது எவர்சில்வர் கொக்கிகளே நல்லவை. மேற்குப் பக்கச் சுவரில் சாரல் அடித்து ஈரம் காக்குமானால், அந்தச் சுவரை விட்டுவிட்டு உட்சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைதாப் பசை காய்ச்சுவோர் அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுவோரின் வழக்கம். பூச்சி அரிக்காமலிருக்க அது உதவும், ஆனால் துத்தம் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையையே பயன்படுத்துவது நல்லது.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டுநாடாவும் நிற்காது. சுண்ணாம்போடு சேர்த்து உரிந்து விழும். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கோ, ஏற்கெனவே உள்ள ஆணிக்கோ ஒரு கயிற்றுப் புரியை இழுத்துக் கட்டி, எடை குறைந்த அட்டைகளை அதில் தொங்கவிடலாம். உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். மூதாதையர் படங்களைக் கதவு நிலைக்கு மேலே சாய்த்து மாட்டுவது நம் வழக்கம். அது மரியாதையின் பொருட்டு. நாம் பார்த்து மகிழ மாட்டும் அலங்காரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்போரின் கண்ணுக்கு நேராக அமையும். பிள்ளைகள் தரையில் அமர்ந்து படிக்கும் அறையில் இதை இன்னும் தாழ்த்தலாம்.

கடற்கரையில் கிடைப்பவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. பவளத் துண்டுகள், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இறந்து ஒதுங்கியவை என்றாலும் அவற்றைச் சேகரித்து வீட்டில் மாட்டக் கூடாது. சாதாரணச் சிப்பிகளை எடுப்போர் அவற்றை நல்ல நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பிறகே ஒட்ட வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பசையை நெகிழச் செய்யும். மணவாளக்குறிச்சிப் பகுதிக் கரையின் நிற மணலைக் கொண்டு மணல் ஓவியம் செய்யும் ஆசையும் வேண்டாம் என்பேன். அந்த மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கையில் அளைய விடுவது தேவையற்றது. கடையில் விற்கும் வண்ணக் கோலமாவு அதே வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் ஒரு கடிதத்தில் சுருக்கமாகவே சொல்ல முடிந்தது. ஒவ்வொரு செய்முறைக்கும் படிப்படியான படங்கள் தேவை. ரேந்தை பின்னத் தெரிந்த முதிய பெண்மணிகளும், பனையோலை முடைவோரும், தோவாளையில் மாலை கட்டுவோரும் இம்மாவட்டத்தில் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கள் செய்தியாளர்கள் அவர்களை நேரில் கண்டு, அவர்கள் கையால் செய்து காட்டுவதைப் படமெடுத்து, வாரம் ஒன்றாக வெளியிட வேண்டுகிறேன். ஜூன் மாதத்தில் மழை தொடங்கிவிட்டால் இலையோ ஓலையோ துணியோ எதுவும் சரியாக உலராது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை முடிந்துவிடும். ஆகவே முதல் செய்முறை ஏப்ரல் மாதத்திலேயே வெளிவர ஆவன செய்யுமாறும், அதில் இலை நரம்பு அலங்காரத்தை முதலாவதாக எடுத்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.