ஆளில்லாக் கரை என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான தென்னமெரிக்கத் தென்கோடிப் பயணக் கட்டுரையை இருமுறை படித்தேன். சிலியின் புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் சிறிய பயணக் கப்பலொன்றில் ஏறி, மெகல்லன் நீரிணை வழியாகவும் பீகிள் கால்வாய் வழியாகவும் பனியாறுகளையும் பெங்குவின்களையும் பார்த்துக்கொண்டே சென்று, ஹார்ன் முனையை எட்டிவிட்டு, அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கரையிறங்கும் அந்தப் பயணத்தைக் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருக்கிறார். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் "மனிதக் காலடி படாத கன்னி நிலம்" என்ற தொடர் அதில் மூன்று இடங்களில் வருகிறது. அது உண்மையல்ல. எழுத்து அலங்காரத்தில் நேர்ந்த சிறு பிழை என்று விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

நான் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1980-களில், பனாமா கால்வாய்க்குள் அடங்காத அகலமுள்ள ஒரு கப்பலில் மூன்றாம் எஞ்சினியராக இருந்தபோது ஒருமுறை மெகல்லன் நீரிணையைக் கடந்தேன். வழிகாட்ட சிலி நாட்டு பைலட் ஏறியதும், வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜிலிருந்து மணி ஓயாமல் அடித்ததும் நினைவிருக்கிறது. வாட்ச் என்னும் என் வேலை முறை முடிந்து மேலே வந்த அரை மணி நேரத்தில் நான் கண்டது சாய்வாய் அடித்த மழை, சாம்பல் நிற மலை, அதற்குப் பின்னால் இன்னொரு சாம்பல் நிற மலை, அவ்வளவுதான். அன்று யாரேனும் கேட்டிருந்தால் நானும் ஆளே இல்லாத இடம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகவே கட்டுரையாளரைக் குறை சொல்லும் தகுதி எனக்குப் பெரிதாக இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியோடு அதே நீரில் சிறிய கப்பலில் போனபோதுதான் என் பழைய பதில் எவ்வளவு பிழை என்று தெரிந்தது.

பனியாறுகள் மலையைக் குடைந்து இறங்கிய பள்ளத்தாக்குகளில், பனி பின்வாங்கிய பிறகு கடல் புகுந்து நிறைந்ததால் உண்டானவை ஃபியோர்டுகள். பெரிய கப்பலுக்கு அவற்றின் வாசல்தான் தெரியும். இருநூறு பேருக்குள் ஏற்றும் கப்பல் அந்தக் கிளைகளுக்குள் நுழைந்து நங்கூரம் போட்டு, ரப்பர் படகுகளில் பத்துப் பன்னிரண்டு பேராகக் கரையில் இறக்கிவிடும். கட்டுரையாளர் இதை வசதியாக மட்டுமே சொல்கிறார். ஆனால் கரையில் இறங்கி நடந்தால்தான் அங்கே மனிதர் வாழ்ந்த தடம் கண்ணில் படும் என்பதால், சிறிய கப்பலில் போய் வந்தவர் அப்படி எழுதியதுதான் எனக்கு அதிக வியப்பாக இருந்தது.

பீகிள் கால்வாயின் தென்கரையாக அமைந்த நவாரினோ தீவின் மேற்குக் கரையில் வுலாயா என்றொரு குடா இருக்கிறது. படகிலிருந்து இறங்கி மேலேறும் புல்வெளி முழுவதும் வட்ட வட்டமான மேடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. ஏதோ மண்ணின் இயல்பு என்று நினைத்து நான் கடந்துபோயிருப்பேன். ஓரிடத்தில் மழைநீர் மேட்டின் விளிம்பை அரித்திருந்தது. புல்வேருக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்குச் சிப்பி ஓடுகள், வேறெதுவும் இல்லை, அடுக்கு மேல் அடுக்காக. சிலவற்றின் உட்புறத்தில் நீலம்கூட மங்கவில்லை. குடிசை போட்டுத் தங்கிய குடும்பங்கள் தின்று வெளியே எறிந்த ஓடுகள் குடிசையைச் சுற்றி வளையமாக மேடாகியிருக்கின்றன. நடுக்குழிதான் வீடு. அந்த வீடுகளில் இருந்தவர்கள் யாகான் மக்கள். பீகிள் கால்வாயின் கரைகளில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழ்ந்து வந்ததை அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. எந்தக் காலடியும் படாத நிலம் என்று நாம் எழுதும் இடத்தில், நான் கால் வைக்கக் கூசி நின்றது அவர்களுடைய அடுப்பங்கரையில்.

அவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் படகில்தான். மரப்பட்டையைத் தைத்துச் செய்த தோணியின் நடுவே மண்ணும் புல்கரணையும் பரப்பி, அதன்மேல் அணையாமல் நெருப்பு வைத்திருந்தார்கள். 1520-ல் மெகல்லனின் கப்பல்கள் இந்த நீரிணையைக் கடந்தபோது கரையில் தெரிந்த இத்தகைய நெருப்புகளால்தான் அந்தப் பெருந்தீவுக்கு நெருப்பு நிலம் என்று பொருள்படும் தியெர்ரா தெல் ஃபுவேகோ என்ற பெயரே வந்தது. ஆள் இல்லாத ஊரில் யார் நெருப்பு மூட்டினார்கள் என்று கட்டுரையாளர் தம்மையே கேட்டிருக்கலாம். துடுப்புப் போட்டதும் நீந்தியதும் பெண்கள். கடற்பாசிக் கொத்தில் தோணியைக் கட்டிவிட்டு, நண்டும் சிப்பியும் எடுக்க அவர்கள் மூழ்கிய நீர், கோடையிலும் பத்து டிகிரிக்கு மேல் அதிகம் ஏறாதது. ஆண்கள் முத்துக்குளித்த ஊரில் பிறந்த எனக்கு இந்தச் செய்தி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உறைத்தது.

வுலாயாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1830-ல் பீகிள் என்ற ஆங்கிலேய ஆய்வுக் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் இப்பகுதியிலிருந்து நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர்களில் ஒருவர் அங்கே பெரியம்மையில் இறந்தார். ஒருண்டெலிகோ என்ற யாகான் சிறுவனுக்கு ஈடாக ஒரு முத்துச்சிப்பிப் பொத்தான் கொடுக்கப்பட்டதாம். அதனால் ஆங்கிலேயர் அவனுக்கு ஜெம்மி பட்டன் என்று பெயரிட்டார்கள். மீதி மூவரையும் 1833 ஜனவரியில், ஒரு பாதிரியாரோடும் இங்கிலாந்தில் திரட்டிய சாமான்களோடும் இதே வுலாயாவில் இறக்கிவிட்டார்கள். டார்வின் அப்போது உடனிருந்தார். அதே மாதம் கால்வாயின் ஒரு கிளையில், பனியாற்றிலிருந்து பெரும் துண்டு உடைந்து விழுந்து எழுந்த அலை கரையில் நிறுத்தியிருந்த படகுகளை அடித்துப்போக இருந்ததையும், டார்வின் ஓடிப்போய்ப் படகுகளைப் பிடித்தவர்களில் ஒருவர் என்பதையும் கட்டுரையில் சுவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மறு ஆண்டு பீகிள் திரும்பி வந்தபோது நடந்ததைச் சொல்லவில்லை. ஒருண்டெலிகோ கோட்டும் சூட்டும் இல்லாமல், இளைத்து, மனைவியோடு தோணியில் வந்தார். மறுபடி இங்கிலாந்துக்கு வர விருப்பமில்லை என்றார். நண்பர்களுக்கு நீர்நாய்த் தோலும், கேப்டனுக்குத் தாம் செய்த ஈட்டி முனைகளும் அம்புகளும் கொடுத்துவிட்டு, கப்பல் கிளம்பும்போது கரையில் ஒரு நெருப்பை மூட்டி விடை கொடுத்தார்.

அவர்களுடைய மொழி மொழியென்றே சொல்லத் தகாத ஒலிகள் என்ற கருத்தை டார்வின் எழுதி வைத்தார். சில பத்தாண்டுகளுக்குப் பின் அங்கேயே குடியேறிய பாதிரியார் தாமஸ் பிரிட்ஜஸ் அதே மொழிக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியைத் தொகுத்தார். கற்றோர் ஒருவர் சில வாரம் கேட்டுவிட்டுச் சொன்னதற்கும், அந்த மக்களோடு வாழ்ந்தவர் எழுதியதற்கும் உள்ள தூரம் இது. பயணக் கட்டுரை எழுதும் எவருக்கும், இந்தக் கடிதத்தை எழுதும் எனக்கும் சேர்த்தே, இது ஓர் எச்சரிக்கைதான்.

பிறகு ஏன் இன்று கரை வெறிச்சோடிக் கிடக்கிறது என்ற கேள்வி எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் வந்த வேட்டைக் கப்பல்கள் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் அழித்தன. யாகான் மக்கள் குளிரைத் தாங்க உடம்பில் பூசியதும் உணவாக உண்டதும் அவற்றின் கொழுப்பைத்தான். அடுத்து வந்தது நோய். 1884-ல் உசுவாயாவில் அர்ஜென்டினா தன் நிர்வாகத்தை நிறுவியதை ஒட்டிப் பரவிய தட்டம்மையில் யாகான் மக்கள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். அந்நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இருந்ததாக பிரிட்ஜஸ் கணித்திருந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் சில நூறு பேரே மிஞ்சினர். ஆக, அது எப்போதும் ஆளில்லாமல் இருந்த இடமன்று. ஆளில்லாமல் ஆக்கப்பட்ட இடம். "கன்னி நிலம்" என்ற இரண்டு சொல், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கணக்கை அழித்துவிடுகிறது.

காடும் அப்படித்தான். உங்கள் கட்டுரையில் ஆதிக்காட்டின் அழகுக்குச் சான்றாக, வெளிறிய அடிமரங்கள் நிற்கும் ஒரு குளத்தின் படம் இருந்தது. அது பீவர் என்னும் கொறிவிலங்கு அணை கட்டி உண்டாக்கிய குளம். மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக 1946-ல் கனடாவிலிருந்து கொண்டுவந்து அர்ஜென்டினா அரசு திறந்துவிட்ட சில ஜோடிகள், கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாததால் பெருகி, கால்வாயையும் நீந்திக் கடந்து நவாரினோவை அடைந்துவிட்டன. வட அமெரிக்க மரங்களில் பல, பீவர் கடித்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். இங்குள்ள தென் பீச் என்ற காட்டு மரங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நீர் தேங்கினால் நின்றபடியே பட்டுப்போகின்றன. படத்தில் இருந்தது ஆதிக்காடல்ல, அதன் சாவு.

பனியாறுகளைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. கட்டுரையாளர் சொன்னதைவிடவும் அவை பெரியவை. பியா பனியாற்றின் எதிரே படகின் எஞ்சினை நிறுத்தியதும், சுற்றிலும் மிதந்த பனித்துண்டுகள் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோலச் சடசடத்தன. பனி உருகும்போது அதற்குள் அடைபட்டிருந்த பழைய காற்றுக் குமிழிகள் வெடிக்கும் சத்தம் அது. சுவரிலிருந்து ஒரு பாளம் சரிந்து விழுவதைக் கண் பார்த்து முடித்த பிறகுதான் இடி காதுக்கு வந்தது. அமுங்கி இறுகிய பனி சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் வரும் அந்த நீலத்தை எந்தப் படமும் பிடிக்கவில்லை, என் மனைவியின் கைப்பேசி உட்பட. ஆனால் அடுத்து வரும் பனியாறுகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஸ்பெயின், ரொமான்ச், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஹாலந்து. ரொமான்ச் என்பது 1882-83-ல் ஆய்வுக்கு வந்த பிரெஞ்சுக் கப்பலின் பெயர். ஒவ்வொன்றையும் கடக்கும்போது அந்தந்த நாட்டுத் தின்பண்டம் தட்டில் வந்தது, இத்தாலிக்கு பீட்சா. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். யாகான் மொழியில் இவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்க அந்நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பயணத்தின் கடைசி நாள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காற்று விடவில்லை. ஹார்ன் தீவில் இறங்காமல், 1992-ல் நிறுவிய அல்பட்ராஸ் நினைவுச் சின்னத்தைத் தொலைநோக்கியில் பார்த்துத் திரும்பினோம். அந்த உச்சியிலும் சிலி கடற்படைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கலங்கரை விளக்கத்தைக் காத்துக்கொண்டு வசிக்கிறார் என்பதை மட்டும், ஆளில்லா நிலம் என்ற பேச்சு வந்ததால் குறிப்பிடுகிறேன்.

பூர்வகுடிகளே இல்லாத நிலம் என்று உண்மையாகச் சொல்லத்தக்கது அண்டார்டிகா. உசுவாயாவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கேதான் போகின்றன. அந்த வர்ணனை அங்கிருந்து வழிந்து இந்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். பாதுகாப்போ நேர்மாறாக, ஆளில்லாத அங்கேதான் அதிகம். அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறக்குவதில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்குவதே இல்லை. கனரக எரிஎண்ணெய்க்கு 2011 ஆகஸ்டிலிருந்து சர்வதேசத் தடை உண்டு. எஞ்சின் அறையில் அந்தத் தார்க்குழம்பைச் சூடாக்கி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது குளிர்ந்த நீரில் கொட்டினால் பல ஆண்டுகள் கரையைவிட்டுப் போகாது. ஆனால் அந்தத் தடை 60 டிகிரி தெற்கு அட்சரேகையோடு நின்றுவிடுகிறது. பீகிள் கால்வாய் இருப்பது 55 டிகிரியில்.

இவ்விடத்தில் காவலுக்கு நின்றவர்கள் அங்கேயே வாழும் மக்கள்தான். யாகான் இனம் அழிந்துவிடவில்லை. நவாரினோ தீவில் புவேர்த்தோ வில்லியம்ஸ் ஊரை ஒட்டிய உகிகா என்ற சிறு குடியிருப்பில் அவர்கள் வாழ்கிறார்கள். தாய்மொழியாக அம்மொழியைப் பேசிய கடைசி மனுஷியான கிறிஸ்தினா கால்தெரோன் அங்கேதான் வாழ்ந்தார்; 2022 பிப்ரவரியில், தம் 93-வது வயதில் காலமானார். தம் பேத்தியோடு சேர்ந்து சொற்களையும் கதைகளையும் பதிவு செய்துவிட்டே போனார். கால்வாயில் சால்மன் வளர்ப்புக் கூண்டுகள் வந்தபோது இம்மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2019-ல் சிலிப் பக்கத்துக் கூண்டுகள் அகற்றப்பட்டன. கால்வாயின் வடகரையிலுள்ள அர்ஜென்டினா மாகாணம் 2021-ல் சால்மன் வளர்ப்பையே சட்டத்தால் தடுத்தது. கட்டுரையாளர் படகிலிருந்து பார்த்து வியந்த கடற்பாசிக் காடுகளும் டால்பின்களும் அப்படியே இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. வாசகர்கள் போகட்டும், வசதியுள்ளவர்கள் பெரிய கப்பலை விட்டுச் சிறிய கப்பலிலேயே போகட்டும். பறவைக் காய்ச்சல் 2022 முதல் தென்னமெரிக்கக் கரையெங்கும் கடற்சிங்கங்களையும் பறவைகளையும் கொன்றிருப்பதால், படகில் ஏறும் முன்னும் பின்னும் காலணியைக் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவச் சொன்னால் முகம் சுளிக்காமல் கழுவட்டும். உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த வாரம் திருத்தம் வெளியிடும்போது, கட்டுரையோடு வந்த அந்த வரைபடத்தையும் மீண்டும் அச்சிடுங்கள். பீகிள் கால்வாய் என்ற பெயருக்குப் பக்கத்தில், யாகான் மக்கள் அதற்கு வைத்த ஓனாஷாகா என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள். நவாரினோ தீவின் வடகரையில் வெற்றிடமாக விட்டிருக்கும் பகுதியில் உகிகாவுக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.