பிரான்சிஸ்கோவுக்குக் காதில் விழவில்லை

லெய்ரியா, போர்ச்சுகல்
செப்டம்பர் 9

அன்புள்ள சித்திக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நேற்று வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை திருவிழா நல்லபடியாக நடந்திருக்கும். அக்டோபர் 13 அன்று ஜெபமாலை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளை வைத்துப் பாத்திமா நாடகம் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். 1917 மே முதல் அக்டோபர் வரை லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று மேய்ப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை மரியன்னை காட்சி கொடுத்த அந்தப் பாத்திமா இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். சில இடங்களை மாற்றியே ஆக வேண்டும் சித்தி.

முதல் காரியம், பிரான்சிஸ்கோ அன்னையிடம் பேசுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அவன் பேசவே இல்லை. லூசியா பார்த்தாள், கேட்டாள், பேசினாள். ஜசிந்தா பார்த்தாள், கேட்டாள், பேசவில்லை. பிரான்சிஸ்கோ பார்த்தான், அவ்வளவுதான். அன்னையின் குரல் அவன் காதில் விழவில்லை. முடிந்தபிறகு "என்ன சொன்னாங்க?" என்று மற்ற இருவரையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். இந்தக் காட்சிகளிலேயே என்னை அதிகம் உருக்குவது இதுதான். கட்டிச் சொல்லும் கதை என்றால் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கேட்டதாகத்தான் கட்டுவார்கள். ஆகவே அவனுக்கு வசனம் வேண்டாம். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரிந்த பையனாகப் பாருங்கள்.

வயது: 1917 மே மாதம் லூசியாவுக்கு 10, பிரான்சிஸ்கோவுக்கு 9 நிறைய ஒரு மாதம் பாக்கி, ஜசிந்தாவுக்கு 7. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் போட்டால் எடுபடாது.

களம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். இது சுண்ணாம்புக்கல் பூமி. நம் பக்கத்து மானாவாரிக் காடு மாதிரி மண் மேலாக இருக்கும், தோண்டினால் கல். அந்தக் கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி வயலுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், நடுவே ஒலிவ மரங்கள். மே 13 அன்று பிள்ளைகள் ஆடுகளை விட்டுவிட்டு, ஒரு புதரைச் சுற்றிக் குட்டிச் சுவர் கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மின்னல் மாதிரி ஒளி அடித்தது. மழை வரப்போகிறது என்று ஆடுகளைத் திருப்பினார்கள். அப்போதுதான் சின்ன மரத்தின்மேல் அன்னை. உங்கள் பிரதியில் மூவரும் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டுக் கல் அடுக்கச் சொல்லுங்கள். அந்த மரம் ஒரு மீட்டர் உயரம்தான், சிறிய இலையுள்ள கருவாலி வகை. ஆலமரம் மாதிரி வெட்டி ஒட்டினால் பொருந்தாது. இன்றைக்கு அந்த மரம் இல்லை, வந்தவர்கள் கிளை கிளையாக ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் ஒரு தூண், அதன்மேல் அன்னையின் சுரூபம், அதாவது சிலை.

பிள்ளைகள் சாப்பிட்டதும் ஜெபமாலை சொல்வார்கள், ஆனால் சீக்கிரம் விளையாடப் போவதற்காக மாலையின் ஒவ்வொரு மணிக்கும் "அருள் நிறைந்த மரியே" என்ற முதல் வார்த்தையை மட்டும் சொல்லி, பத்து மணிகளை உருட்டி முடித்ததும் "எங்கள் தந்தையே" என்று ஒரு வார்த்தை. லூசியாவே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். இதை நாடகத்தில் சேருங்கள், நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஒவ்வொரு பத்து மணிகளின் முடிவிலும் நாம் சொல்லும் "ஓ என் இயேசுவே" 1917 ஜூலை 13 அன்று அங்கே கற்பிக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

உடை: வெள்ளை உடுப்பு, தலையிலிருந்து இறங்கும் வெள்ளை முக்காடு, ஓரத்தில் பொன் கரை, கையில் ஜெபமாலை. நீல இடைக்கச்சை வேண்டாம், அது லூர்து அன்னைக்கு உரியது. புதூர் லூர்தன்னை கோயில் நினைவில் தைத்திருப்பீர்கள். தலையில் கிரீடமும் வேண்டாம். சுரூபத்துக்கு முடி சூட்டியது 1946இல்தான். 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைத் துளைத்த குண்டு பின்னால் அந்தக் கிரீடத்துக்குள் வைக்கப்பட்டது. பெரிய திருவிழா நாட்களில் மட்டும் அதை அணிவிக்கிறார்கள்.

எல்லாக் காட்சிகளும் 13ஆம் தேதி என்று எழுதியதும் தவறு. ஆகஸ்டு 13 அன்று ஊரேம் வட்டார நிர்வாக அதிகாரி பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டார். கொதிக்கும் எண்ணெயில் போடுவேன் என்று மிரட்டி, ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் போனார். சிறையில் ஜசிந்தா தன் பதக்கத்தைச் சுவரில் மாட்டச் சொல்ல, கைதிகளும் சேர்ந்து ஜெபமாலை சொன்னார்கள். அன்னை தங்களிடம் சொன்ன இரகசியத்தை மூவரில் யாரும் சொல்லவில்லை. அந்த மாதக் காட்சி 19ஆம் தேதி, வாலின்யோஸ் என்ற இடத்தில். சிறைக்காட்சிக்கு நேரம் கூடுதலாகக் கொடுங்கள். வீட்டுக்காட்சிக்கும்தான்: பொய் சொல்கிறாள் என்று நம்பி லூசியாவைத் தாய் துடைப்பக்கட்டையால் அடித்தார். காட்சி நடந்த நிலம் லூசியா குடும்பத்துடையது. கூட்டம் மிதித்துப் பயிர் போயிற்று, அந்தப் பழியும் பிள்ளைமேல். காட்சி கண்டதாகச் சொன்னவர்களுக்கு அதனால் லாபம் கிடைத்ததா என்று திருச்சபை பார்க்கும்போது இதெல்லாம் கணக்கில் வருகிறது.

அக்டோபர் 13 காட்சியில் கவனம் தேவை. மழையில் நின்ற கூட்டத்தை 30,000 முதல் 70,000 வரை சொல்கிறார்கள். சூரியன் சுழன்றதைப் பலர் கண்டார்கள், நிருபர்களும் எழுதினார்கள். மேடையில் மஞ்சள் விளக்கு போதும். பிள்ளைகளிடம் வெயிலில் நின்று சூரியனைப் பாருங்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2008இல் கோட்டயம் பக்கம் மாதா தெரிவார் என்று சூரியனையே பார்த்தவர்களுக்குப் பார்வை கெட்டதாகச் செய்தி வந்தது. விழித்திரை வெந்தால் பார்வை முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

"நாமும் ஜெபித்தால் மாதா தெரிவாங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரிவார் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த வாரமே ஒரு பிள்ளை கண்டதாக வந்து நிற்கும், நாம்தான் அதைப் பாவத்தில் தள்ளியிருப்போம். இவை தனி வெளிப்பாடுகள். நற்செய்தியோடு எதையும் கூட்டுவதில்லை. திருச்சபை அங்கீகரித்தவற்றையும் நம்பியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாத்திமாவை லெய்ரியா ஆயர் ஏற்றது 1930 அக்டோபர் 13இல், காட்சிகள் முடிந்து 13 வருடம் கழித்து, விசாரித்த பிறகுதான். 2024 மே மாதம் வந்த புதிய விதிமுறைப்படி இப்போது பெரும்பாலும் "தடையேதுமில்லை" என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்கள், இறைச்செயல் என்று அறிவிப்பதில்லை. நம் வேளாங்கண்ணியில் பால்கொண்டுபோன சிறுவனும் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனும் கண்டது வழிவழியாக வந்த மரபு. அதை மரபு என்றே சொல்லிக்கொடுங்கள், மதிப்புக் குறையாது.

கொடைக்கானல் சலேத் மாதாவையும் ஒரு வரி சேர்க்கலாம். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டுச் சலேத் மலையில் மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு மேய்ப்புப் பிள்ளைகள் கண்டார்கள். அன்னை பிரெஞ்சில் உருளைக்கிழங்கு என்றதும் மெலானிக்கு விளங்கவில்லை. உடனே அவர்களுடைய ஊர்ப்பேச்சுக்கு மாறினார். லூர்திலும் அப்படியே, "நாமே அமல உற்பவம்" (ஜென்மப் பாவமின்றிக் கருவானவர்) என்பதை, காட்சி கண்ட பெர்னதெத்தின் ஊர்ப்பேச்சில்தான் சொன்னார். அர்த்தம் தெரியாத அந்தச் சொல்லை மறக்காமலிருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினாள் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை. அதனால் உங்கள் வசனங்களும் நம் ஊர்ப்பேச்சிலேயே இருக்கட்டும் சித்தி.

இங்கத்து வழக்கம் கேட்டிருந்தீர்கள். மே மாதம் சாலையோரம் முழுக்க ஒளிரும் மேலுடுப்புப் போட்ட நடைபயணக்காரர்கள், நம் வேளாங்கண்ணிக் காவிக் கூட்டம் போலவே. நேர்த்திக்கடனுக்கு வழுவழுப்பான கல்பாதையில் முழங்காலால் காட்சி நடந்த இடத்துச் சிற்றாலயம்வரை போகிறார்கள். முட்டிக்குப் பஞ்சுப்பட்டை கட்டாவிட்டால் தோல் உரிந்துவிடும். தங்கள் உயரத்துக்கு மெழுகுதிரி வாங்கி எரிப்பவர்கள் உண்டு. மெழுகில் செய்த கை, கால், குழந்தை உருவங்களும் விற்கிறார்கள், நம் கண்மலர் போல. 12ஆம் தேதி இரவு மெழுகுதிரிப் பவனி. 13ஆம் தேதி சுரூபம் திரும்பும்போது அத்தனை பேரும் வெள்ளைக் கைக்குட்டை அசைத்து வழியனுப்புகிறார்கள். கடைசிக் காட்சிக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆளுக்கொரு வெள்ளைத் துணி, 30 சென்டிமீட்டர் சதுரம் போதும்.

மூன்று பேரின் அந்தக் காலத்துப் புகைப்படத்தின் பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். முக்காட்டை முடிந்திருக்கும் விதம், நீளப் பாவாடை, பிரான்சிஸ்கோவின் தொங்கும் குல்லா எல்லாம் தெரியும். தையல்காரரிடம் காட்டுங்கள். ஆடு வேண்டும் என்றால் இரண்டு போதும், மேடைக்குக் கீழேயே கட்டிவிடுங்கள், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மிரளும்.

சித்தப்பாவுக்கும் பாட்டிக்கும் என் வணக்கம்.

உங்கள் அக்கா மகள்