மாட்லின் என்றாயே

கொடைக்கானல்
ஜூலை 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

மரியே வாழ்க. பேரிக்காய் இந்த வருடம் கொம்பு ஒடியக் காய்த்திருக்கிறது. ஒரு பெட்டி அனுப்பலாம் என்று இருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் செங்காய்தானே பிடிக்கும். ஈஸ்டருக்குப் பிறகு அவர் போனில் வரவே இல்லை. வேலை இருக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை நான் அழுதபோது, "மாட்லினாகப் பேசாதே அம்மா" என்றாய். அப்பாவின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். அளவுமீறி அழுது வடிவது, குடித்துவிட்டு அழுவது என்று போட்டிருந்தது. மூலம் நம் மகதலா மரியா! ஆங்கிலேயர் வாயில் மக்தலேன் மாட்லின் ஆகிவிட்டது. படம் வரைந்தவர்கள் அவளை அழுத கண்ணோடே வரைந்தார்களாம். லூக்கா நற்செய்தியில் ஆண்டவரின் காலைக் கண்ணீரால் நனைத்தவளுக்குப் பெயரே இல்லை. அந்தக் கண்ணீரையும் இவள் கணக்கில் எழுதிவிட்டார்கள். இவள் அழுதது ஆண்டவர் இயேசுவின் கல்லறை வாசலில். சீடர்கள் இருவர் வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். இவள் அழுதுகொண்டே அங்கேயே நின்றாள். உயிர்த்தவரை முதலில் கண்டவள் இவள்தான். இன்று அவள் திருநாள். 2016இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் இதைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக்கினார்.

நம் சலேத் மாதாவும் அழுத மாதாதானே. 1846இல் பிரான்ஸ் மலையில் இரண்டு பிள்ளைகள் கண்டபோது, முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். ஆகஸ்ட் திருவிழாவுக்கு இரண்டு பேரும் வரலாமே.

உன் ஆங்கிலத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். பெற்றவள்மேல் எறியவா அதைப் படித்தாய்? சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவின் பெட்டியை மூடியபோது நீ வாய்விட்டு அழுதாய். நான்தான் உன் கையைக் கிள்ளி, "மூத்தவள் நீயே அழுதால் தம்பியை யார் பார்ப்பது?" என்றேன். உனக்கு அப்போது பதினாறு. நீலச் சுவெட்டரின் கை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாய். நூல் பிரிந்து தொங்கியது. அதற்குப் பிறகு நீ அழுது நான் பார்த்ததில்லை. உன் அழுகையை நான் பிடுங்கிக்கொண்டேன், பாப்பா. அது என் தப்பு. அந்தச் சுவெட்டர் இரும்புப் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

பேச வராவிட்டால் போன் போட்டு அழு. நான் எதுவும் கேட்கமாட்டேன், போனை வைக்கவும் மாட்டேன்.

பெட்டியில் எத்தனை காய் வைக்கட்டும் என்று மட்டும் எழுது. ஒருவருக்கா, இருவருக்கா?

அம்மா