வேலிக்கு இந்தப் பக்கம்

அமெரிக்காவின் வடகிழக்கில் பறவை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். 2022 தொடக்கத்தில் மெயின் மாநிலத்து ஜார்ஜ்டவுனுக்குப் போய் ஸ்டெல்லர் கடற்கழுகைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பாஸ்டனிலிருந்து விடியுமுன்பே ஒரே வண்டியில் நான்கு பேர் கிளம்பினோம். பிளாஸ்கில் காபி, டப்பாவில் புளியோதரை. அந்தப் பயணத்தைப் பற்றிப் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கம்சட்காவிலும் ஒகோட்ஸ்க் கடலோரத்திலும் கூடு கட்டி, குளிருக்கு ஜப்பானின் ஹொக்கைடோ பக்கம் இறங்குகிற பறவை அது. உலகிலேயே சில ஆயிரம்தான் இருக்கின்றன. இந்த ஒற்றைக் கழுகு 2020இல் அலாஸ்காவில் தென்பட்டது. அடுத்த ஆண்டு கனடாவின் கியூபெக், நோவா ஸ்கோஷா, டிசம்பரில் மாசசூசெட்ஸ். இறக்கையின் வெள்ளைத் திட்டுகளைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டுத்தான் ஒரே பறவை என்று கண்டுகொண்டார்கள். "பாவம், வழி தவறிடுச்சு, பிடிச்சு ஊருக்கு அனுப்பக் கூடாதா" என்று என் அம்மா கேட்டார். மீனும் வாத்தும் பிடித்துத் தின்று நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் போன இடம் ஜார்ஜ்டவுனின் ஃபைவ் ஐலண்ட்ஸ், சிங்கி இறால் படகுகள் நிற்கும் சின்னத் துறை. ஒற்றைச் சாலை, இரண்டு பக்கமும் வீடுகள். துறையில் வரிசையாக ஸ்கோப்புகள், முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிகள். எதிர்த் தீவின் ஊசியிலை மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. முதலில் தெரிந்தது அலகுதான்: மாம்பழ மஞ்சளில், முகத்துக்குப் பொருந்தாத பருமனில். பக்கத்து மரத்து வெண்தலைக் கழுகு அதன் முன் காக்காய் மாதிரி இருந்தது. ஒரு பாட்டி தன் முக்காலியின் கால்களைக் குறுக்கி, வரிசையில் நின்ற சிறுவனுக்காக ஸ்கோப்பைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். அவன் கண்ணை வைக்கப் போன நேரம், எங்கள் வண்டியில் வந்த ஒருவர் பெரிய லென்ஸோடு யாரோ ஒருவர் வீட்டு வேலியைத் தாண்டிப் பாறைக்கு இறங்கினார். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை, எனக்கும் நல்ல படம் வேண்டியிருந்தது.

கழுகு கழுத்தை நீட்டியது. எட்டடி இறக்கை விரிந்தது. தீவைத் தாண்டிப் போய்விட்டது. சிறுவன் ஸ்கோப்பில் வெறும் மரத்தைப் பார்த்தான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும் வழியில் வண்டியில் அந்தப் படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம். கொஞ்சம் மங்கல்தான்.

கடுங்குளிரில் ஒரு பறவையைத் தேவையில்லாமல் பறக்க வைத்தால், அது உழைத்துத் தேடிய இரை அந்தப் பறத்தலிலேயே கரைகிறது. வீட்டுக்காரர்களோ நமக்கு எதுவும் கடன்பட்டவர்கள் இல்லை. அவர்களுடைய பாதையை அடைத்து நாம் வண்டி நிறுத்தினால் அடுத்த அரிய பறவை வரும்போது சாலையையே மூடுவார்கள்.

ஆகவே, குழுவாகக் கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வண்டியை விட்டு இறங்கும் முன்பே எதுவரை போகலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுகிறவரைக் கூப்பிடும் வேலையை ஒருவர் ஏற்கட்டும். நண்பர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தக் கழுகு பிறகு நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போனது. அடுத்து எது வந்தாலும் என் வண்டியில் மூன்று இடம் காலி. கூப்பிடுகிற வேலை இந்தத் தடவை என்னுடையது.

அன்புடன்,
பாஸ்டனிலிருந்து ஒருவன்