குஞ்சு வருவதற்கு முன் கூடு

அன்பு மகளுக்கு,

நீ எழுதிய கடிதமும் அதனுடன் வைத்திருந்த கோழிக்கூட்டின் வரைபடமும் கிடைத்தன. ஆறு குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்துவிட்டதாகவும், அவை வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே விடுமுறை நாட்களில் கூட்டைக் கட்டி முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். மற்றதையெல்லாம் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டை முழுவதும் கட்டி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு நல்ல மழைக்கு எங்கே ஒழுகுகிறது, எங்கே சாரல் அடிக்கிறது என்று பார்த்த பிறகு குஞ்சுகள் வரட்டும். முதல் வாரத்தில் பெட்டியின் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும் குஞ்சு, நான்காவது வாரத்தில் அதன் விளிம்பில் ஏறி நிற்கும். ஆறாவது வாரத்தில் இறகு முழுவதும் முளைத்து, வீடு முழுவதும் தூசியைப் பரப்பும். அந்த நேரத்தில் அவசர அவசரமாகக் கட்டப்படும் கூட்டில் விடுபடுவது எப்போதும் வலையும் தாழ்ப்பாளும்தான்.

அதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் வீட்டுக் கோழிகளுக்கு அனுமதி உண்டா, எத்தனை வளர்க்கலாம், பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கூடு எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள். பல நகரங்களில் பெட்டைக்குத் தடையில்லை, சேவலுக்குத் தடை உண்டு. பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. அந்த முட்டை குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் தேவை. பெட்டை, சேவல் என்று பிரிக்காமல் வாங்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே வளரும் என்பதால், அவற்றை என்ன செய்வது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டிருந்தால், முதன்முறையாக வளர்ப்பவர்கள் இன்னும் முட்டையிடத் தொடங்காத பதினாறு வார விடைக்கோழிகளை வாங்குவதே நல்லது என்று சொல்லியிருப்பேன். குஞ்சுப் பருவத்தின் கவலைகள் பாதி அதிலேயே கழிந்துவிடும். ஆனால் பேத்தி குஞ்சுகளைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று எழுதிய பிறகு நான் அதை வற்புறுத்தப் போவதில்லை.

இனி உன் வரைபடத்துக்கு வருகிறேன். நான்கடிக்கு மூன்றடி என்று அளவு குறித்திருக்கிறாய். ஒரு கோழிக்குக் கூட்டின் உள்ளே குறைந்தது நான்கு சதுர அடியும், வெளியே வலையடைத்த திறந்த வெளியில் பத்துச் சதுர அடியும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் நீ வரைந்த கூடு மூன்று கோழிகளுக்கே போதும். இடம் நெருக்கமானால் கோழிகள் ஒன்றன் இறகை மற்றொன்று பிடுங்கத் தொடங்கும். ஒரு கோழியின் உடலில் ரத்தம் கசிவதைக் கண்டுவிட்டால் மற்றவை அந்த இடத்தையே கொத்திக்கொண்டிருக்கும். ஆகவே ஆறு கோழிகளுக்கு ஆறடிக்கு நான்கடி என்று மாற்றி வரைந்துகொள். உயரத்தையும் உன் தலை இடிக்காத அளவுக்கு உயர்த்திவிடு. குனிந்தும் தவழ்ந்தும் உள்ளே போக வேண்டிய கூட்டை ஒருவரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை.

சன்னலை நடுச்சுவரில் வைத்திருக்கிறாய். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவில் கோழிகள் ஏறி அமரும் கட்டையும் அதே உயரத்தில் இருப்பதால், காற்று நேராக அவற்றின் மேல் அடிக்கும். காற்றுப்போக்கு கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அதையும் வலையால் அடைத்துவிட வேண்டும். கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் இரவு முழுவதும் ஈரம் எழுந்துகொண்டே இருக்கும். எச்சம் அழுகும்போது அம்மோனியாவும் எழும். குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. உடல் நனையாத கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு குளிரைத் தாங்கிவிடும். ஈரக்காற்றில் அடைபட்ட கோழிக்கு மூச்சுக்குழாய் நோய் வரும், கடுங்குளிரில் கொண்டையும் கருகும். வெயில் அதைவிடக் கொடியது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடலைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே கூட்டுக்கும் வெளிப்புறத்துக்கும் பிற்பகல் நிழல் கட்டாயம் வேண்டும். கட்டி முடித்துக் கோழிகள் குடியேறிய பிறகு, ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்த உடனே உள்ளே போய், அவை அமர்ந்திருந்த உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார். கண் எரிந்தாலோ மூக்கில் காரம் ஏறினாலோ, காற்றுத் துவாரத்தை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று பொருள்.

அமரும் கட்டைக்கு உருண்டைக் குழாயைக் குறித்திருக்கிறாய். அது வழுக்கும், குளிர்ந்தும் போகும். இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தின் விளிம்புகளைச் சற்றே இழைத்து, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி வை; கோழி தன் விரல்களின் மேல் உடலைச் சாய்த்து அமர அது போதும். ஒரு கோழிக்குப் பத்து அங்குல நீளம் கணக்கிட்டுக்கொள். முட்டைப் பெட்டிகள் இந்தக் கட்டையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கோழிகள் இரவில் இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடிப் போகும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிடும், காலையில் முட்டையெல்லாம் அழுக்காகிவிடும். ஆறு கோழிகளுக்கு ஓரடி நீள அகல உயரமுள்ள இரண்டு பெட்டிகள் போதும். நீ ஆறு வரைந்திருக்கிறாய். ஆறு வைத்தாலும் எல்லாக் கோழிகளும் ஒரே பெட்டியின் முன்னால்தான் வரிசையில் நிற்கும் என்பதைப் போகப் போகப் பார்ப்பாய்.

வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண்ணி வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும், சிறிய பிராணிகள் கண்ணிக்குள் புகுந்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணியுள்ள, கம்பிகள் சேருமிடத்தில் பற்றவைத்த கெட்டியான வலையை வாங்கு. செலவு கூடும், மிச்சப்படுத்த வேண்டுமானால் கூரையின் அழகிலும் வண்ணப்பூச்சிலும் மிச்சப்படுத்து. வலையை மரத்தோடு சேர்க்கச் சிறு ஆணி போதாது. வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். சுவரின் அடியில் வலையை வெளிப்புறமாக மடக்கி, தரையோடு தரையாக ஓரடிக்கும் சற்று அதிகமாகப் பரப்பி, அதன் மேல் மண்ணைப் போட்டு மூடிவிடு. தோண்டி வரும் பிராணி சுவரை ஒட்டித்தான் பறிக்கும். அங்கே வலை இடித்தால், பின்வாங்கி ஓரடி தள்ளியிருந்து தோண்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் அதற்கு வராது. தாழ்ப்பாள் ஒரே தள்ளலில் திறக்காதபடி, கொக்கியும் போட்டு அதன் மேல் ஒரு வளையமும் மாட்டும்படி இருக்கட்டும்.

கோழிகளுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அந்தி சாய்ந்ததும் அவை தாமாகவே உள்ளே போய்க் கட்டையில் ஏறிவிடும். கதவை அடைப்பது ஒன்றுதான் உன் வேலை. ஆனால் அதை ஒரு மாலைகூடத் தவறாமல் செய்ய வேண்டும். நீங்கள் வெளியூர் போகும் நாட்களில் யார் வந்து அடைப்பார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், குஞ்சுகளுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடு என்றே சொல்வேன்.

குஞ்சுகள் வரும் நாளுக்கு முந்தைய நாளே பெட்டியில் விளக்கைப் போட்டுச் சூடாக்கி வை. முதல் வாரம் விளக்கின் கீழே 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: விளக்கின் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர்கிறது, பெட்டியின் ஓரங்களில் ஒதுங்கி இறக்கையை விரித்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்தும் கொத்தியும் திரிந்தால் சரியாக இருக்கிறது. விளக்கை இரண்டு தனித்தனிச் சங்கிலிகளில் தொங்கவிடு. அது சரிந்து, தரையில் பரப்பிய கூளத்தில் விழுந்து வீடே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. தரையில் செய்தித்தாளைப் பரப்பாதே. வழுவழுப்பில் குஞ்சின் கால் விலகி, பிறகு நிமிராமலே போய்விடும். கூளமாக மரச்சீவல் போதும். குஞ்சு பொரிந்த பின்னும் அதன் வயிற்றில் மஞ்சள் கரு சிறிது மிச்சமிருப்பதால் இரண்டு நாள் பயணத்தைத் தீனியில்லாமல் தாங்கிவிடும். ஆனால் வந்து சேர்ந்த உடனே ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டிவிட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வை, இல்லையென்றால் உள்ளே விழுந்து மூழ்கும். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் குஞ்சுகளைக் கையிலெடுத்துப் பின்புறத்தைப் பார். எச்சம் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தால், பிய்த்து எடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அது இளகும் வரை வைத்திருந்து துடைத்துவிட்டு, ஈரம் உலர்ந்த பின் மற்றவற்றோடு விடு.

பேத்திக்கு இன்னும் ஐந்து வயது நிறையவில்லை. நோயே இல்லாததுபோல் இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் இறகிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகளை அது கடுமையாகத் தாக்கும். ஆகவே நீ கையில் வைத்துக் காட்டு, அவள் பார்த்து மகிழட்டும். கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவது யாருக்குமே வேண்டாம். கூட்டுக்குள் போகும் செருப்பு தனியாக இருக்கட்டும். வெளியே வந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தீனியைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சுகளுக்கு 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீனியைக் கொடு. முட்டையிடும் கோழிக்கான தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால், அது வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முட்டையிடத் தொடங்கும் தறுவாயில் மாற்றினால் போதும். வளர்ந்த கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும்; வெயில் காலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். சமையலறை மிச்சத்தைச் சிறிதளவு போடலாம். வேகாத பயறு வகைகள், வெண்ணெய்ப்பழத்தின் தோலும் கொட்டையும், சாக்லேட், உப்பு மிகுந்த பண்டம் ஆகியவை கூடாது. பூஞ்சை பிடித்த தீனியை மனம் கேட்காமல் வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடாதே. பூஞ்சை உதிர்ந்தாலும் அதன் நச்சு அப்படியே இருக்கும். மூடியுள்ள தகரப் பீப்பாயில் தீனியை வைத்தால் எலித் தொல்லையும் குறையும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

நோய்களில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது வெள்ளைக்கழிச்சல். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. முதல் வாரத்திலேயே கண்ணில் அல்லது மூக்கில் சொட்டாக விடத் தொடங்குவார்கள் என்பதால், குஞ்சு வருவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் அட்டவணையைக் கேட்டு வாங்கி வை. மூன்றாவது வாரத்துக்கு மேல் குஞ்சு முடங்கி நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கும். அன்றே மருந்து வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது ஈரக் கூளம். கூளத்தில் ஒரு பிடியை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திற: உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, கிளறிவிட்டு உலர்ந்த மரச்சீவலைச் சேர்க்க வேண்டும். வெளியே அள்ளிய கூளத்தைச் செடிகளுக்கு நேரே போட்டால் வேர் கருகும். சில மாதம் குவித்து மட்க விட்டுப் போடு.

இன்னொன்று செவ்வுண்ணி. பகலில் கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் ரத்தத்தை உறிஞ்சும் என்பதால், பகலில் கோழியை எவ்வளவு தேடிப் பார்த்தாலும் அகப்படாது. இரவில் கைவிளக்கோடு போய், வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான். அதனால்தான் கட்டையைச் சுவரோடு ஆணியடிக்காமல், கழற்றி எடுத்து வெந்நீரில் கழுவும்படி பள்ளத்தில் பொருத்து என்கிறேன். புதிதாக ஒரு கோழி வாங்கினால், எத்தனை ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், ஒரு மாதம் தனியே வைத்திருந்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

முதல் முட்டைக்கு அவசரப்படாதீர்கள். இனத்தைப் பொறுத்துப் பதினெட்டு முதல் இருபத்துநான்கு வாரம் ஆகும். முதலில் சிறிய முட்டையும் இடையிடையே ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையும் வரும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளைவிடச் சற்று அதிக நேரம் ஆவதால், முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போய் ஒருநாள் விட்டுப்போகும். பகல் குறையும் காலத்திலும் இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டை குறையும் அல்லது நின்றுவிடும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு முட்டை குறையும். கோழியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அந்தக் கிழட்டுக் கோழிகளுக்கும் தீனி போடுவீர்களா என்பதை நீயும் மாப்பிள்ளையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பேத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

குஞ்சு விற்பவரிடம் இன்னும் ஆறு வாரம் கழித்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடு. வரைபடத்தைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. பிற்பகல் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கதவு உள்நோக்கித் திறக்கிறதா வெளிநோக்கித் திறக்கிறதா என்பதையும் அதில் குறித்துவிடு. வலைக்கான அளவை நான் கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா